ஐந்து முறை இறங்கிய அன்னம்

அந்தக் கூட்டத்தில் ஆறு பேர் இருந்தோம். பட்டுக்கடை முதலாளி, அவருடைய தம்பி, மகன், மச்சான் குமரவேல், வாஸ்து பார்க்கிற ஒருவர், கடைசி நாற்காலியில் நான்.

வராதவர்கள் மூன்று பேர். டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தருகிற சுகந்தி. அந்தக் கட்டங்களைப் பார்த்துத் தறியில் மாட்டுகிற அட்டைகளில் துளை அடிக்கிற மூர்த்தி. கேட்டலாக்குக்குப் படம் சரி பண்ணித் தருகிற ஒரு சென்னைக்காரர். வராதவர்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. கூப்பிடப்படாதவர்கள்.

கூட்டம் எதற்கு? இந்த மூன்று பேரும் அவரவர் இடத்தில் இருந்தபடியே கடையின் டிசைன் ஃபைல்களைப் போடவும் எடுக்கவும் ஒரு சின்ன சர்வர் வைப்பதற்கு. அதாவது, சர்வரைப் பயன்படுத்தப் போகிறவர்களைத் தவிர மற்ற எல்லோரும் இருந்தார்கள். வாஸ்துக்காரர் உட்பட.

"அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார்" என்றேன்.

"அவங்க எதுக்குப்பா? வேலை குடுக்கிறவன் நானு. வாங்கிக்கிறவங்க அவங்க" என்றார் முதலாளி.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். காஞ்சிபுரத்துக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் ஜோடித்துக் கொடுப்பவன். வைரஸ் வந்தால் துரத்துபவன். இப்போது புதிதாக வந்திருக்கிற பிராட்பேண்ட் லைனை நாலு மெஷினுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பவன். பட்டு வாங்கத் தெரியாது, விற்கத் தெரியாது. ஆனால் ஒரு பட்டுப்புடவைக்குப் பின்னால் எத்தனை சி.டி. கீறல் விழுந்து செத்திருக்கிறது என்று தெரியும்.

அதுவரை டிசைன் எப்படிப் போய்க்கொண்டிருந்தது? சுகந்தி செவிலிமேட்டில் தன் வீட்டில் உட்கார்ந்து வரைவார். சி.டி.யில் போட்டு டவுன் பஸ் ஏறிப் பெரிய காஞ்சிபுரத்துக் கடையில் கொடுப்பார். கடை ஆள் அதைச் சைக்கிளில் மூர்த்தியிடம் கொண்டு போவார். மூர்த்தியின் மெஷினில் அந்த சி.டி. ஓடாது. மறுபடி செவிலிமேடு. ஒரு பூவில் இரண்டு இதழ் மாற்ற மூன்று நாள்.

நான் ஒரு திட்டம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். டைப் அடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மூன்று பக்கம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பைண்டிங் இல்லாமல் ஒரு காகிதத்தைப் பெரிய மனிதர் முன்னால் நீட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

திட்டம் ரொம்பச் சாதாரணம். பில் போட்டு ஓய்ந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதில் ஒரு புது ஹார்ட் டிஸ்க். காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ். வெளியாட்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு, ஆளுக்கொரு ஃபோல்டர். யார் எதை எப்போது போட்டார், எப்போது எடுத்தார் என்று மெஷினே ஒரு குறிப்பு எழுதி வைக்கும். லாக் என்பார்கள். அவ்வளவுதான்.

முதல் முக்கால் மணி நேரம், மெஷினை எந்த மூலையில் வைப்பது என்பதில் போனது. சூடாகிற பொருள், ஆகவே அக்னி மூலை என்றார் வாஸ்துக்காரர். அக்னி மூலையில் ஏற்கெனவே ஊழியர்களுக்கு டீ போடுகிற ஸ்டவ் இருந்தது. பரவாயில்லை, இரண்டும் நெருப்பு இனம்தான் என்று முடிவானது. என் மூன்று பக்கத்தில் 'குளிர்ச்சியான இடம்' என்று ஒரு வரி இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

அடுத்த அரை மணி, வீட்டு ஆட்கள் நாலு பேருக்கும் பெயர் போடுவதில் போனது. நாலு பேருக்கும் எல்லாவற்றையும் திறக்கிற அதிகாரம் வேண்டும். எதைத் திறக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. திரையில் பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் வந்தன. தம்பி பெயர் 'ஏ'-யில் ஆரம்பம், முதலாளி பெயர் 'வி'-யில். தம்பி மேலே, அண்ணன் அடியில். தம்பிக்கு வேர்த்துவிட்டது. "அண்ணன் பேரு மேல வர மாதிரி பண்ணுப்பா மொதல்ல" என்றார். முதலாளி பெயருக்கு முன்னால் ஒன்று என்று நம்பர் போட்டு அவரை மேலே ஏற்றினேன். கம்ப்யூட்டர் படிப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

வெளியாட்கள் மூன்று பேர் விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

"வெளியாளுங்களுக்கு எதுக்குப்பா ஆளுக்கொரு பேரு?" என்றார் மச்சான் குமரவேல். கடையின் நிர்வாகம் அவர் கையில். "கடைக்கு ஒரு வாசல்தான இருக்குது? எல்லாரும் அது வழியாத்தான வராங்க?"

"வாசல் ஒண்ணுதான் சார். ஆனா யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு தெரியணுமே."

"வாட்ச்மேன் பார்த்துக்குவான்."

"இதுக்கு வாட்ச்மேன் கிடையாது சார். அதுக்குத்தான் தனித்தனி பேரு."

முதலாளி கையை உயர்த்தினார். "மூணு பேருக்கு மூணு சாவி குடுத்தா, மூணு பேருக்கும் நம்ம வீட்ல ரூம் குடுத்த மாதிரி ஆயிடும். நாளைக்கு உரிமை பேசுவாங்க. ஒரே பேரு போடு. 'வெளியாள்'னு போடு. போதும்."

பாஸ்வேர்டையும் அவரே சொன்னார். கடையின் போன் நம்பர். மறக்காது என்றார். எப்படி மறக்கும்? கடையின் ஒவ்வொரு கேரி பேக்கிலும் அச்சாகி இருக்கிறதே.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். பைண்டிங்கை மூடி மடியில் வைத்துக்கொண்டு "சரிங்க சார்" என்றேன். பட்டுக்கடை முதலாளி தன் கூடத்தில் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்... எழுந்து போகச் சொல்லிவிடுவாரோ என்று பயம். படித்தவனுக்கு வரக்கூடாத பயம். படித்தவனுக்குத்தான் வருகிறது.

சர்வர் ஓடியது. நன்றாகவே ஓடியது. டீ ஸ்டவ்வுக்குப் பக்கத்தில், ஏலக்காய் வாசனையோடு.

மூன்றாவது வாரம் சுகந்தியிடமிருந்து போன். அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். பி.காம். கல்யாணத்துக்குப் பிறகு கோர்ஸ் சேர்ந்து டிசைன் வரையக் கற்றுக்கொண்டவர். கணவர் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர். சுகந்தி வரைவது மூன்று கடைகளுக்கு. மூன்று கடையும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரு கடையின் டிசைனைப் பற்றி இன்னொரு கடையில் ஒரு வார்த்தை விடமாட்டார் என்பதால்தான் மூன்று கடையும் அவரிடம் வந்தன. அவருடைய மூலதனம் அதுதான். கம்ப்யூட்டர்கூட அதற்கு அப்புறம்தான்.

"தம்பி, எனக்குன்னு தனியா ஒரு பேரு குடுப்பா. நேத்து மூர்த்தி அண்ணன் தெரியாம என் ஃபைல அழிச்சிட்டாரு. திருப்பி போட்டுட்டேன். அது பரவால்ல. ஆனா நாங்க மூணு பேரும் ஒரே பேர்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கோம். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேப்பாங்க?"

"மூணு பேரையும் கேப்பாங்க அக்கா."

"கேக்க மாட்டாங்க. என்னத்தான் கேப்பாங்க."

நான் குமரவேலிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். நம் ஊரில் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், அது உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த வாரம் வேறு கடை, வேறு வைரஸ் என்று நானும் போய்விட்டேன்.

அந்தச் சித்திரையில் சுகந்தி ஒரு பேட்டு வரைந்தார். பேட்டு என்றால் புடவையின் பார்டர். வரிசையாக அன்னங்கள், ஒவ்வொன்றும் கழுத்தை வளைத்துப் பின்னால் வருகிறதைப் பார்க்கிற மாதிரி. கழுத்து வளைவுக்கு மட்டும் எட்டு நாள் ஆனது என்றார். கட்டங்களில் வளைவு கொண்டு வருவது சாதாரணமா? படியாக அல்லவா வரும். இது வழுக்கிக்கொண்டு போனது. ஆவணி முகூர்த்தத்துக்கு இதுதான் நம்ம சரக்கு என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி முடிகிற வாரம், நாலு கடை தள்ளி இருக்கிற, சுகந்தி வரைந்து தராத இன்னொரு கடையின் கண்ணாடி ஷோகேஸில் அதே அன்னங்கள் வரிசையாக நின்றன.

என்னைக் கூப்பிட்டார்கள். அதே கூடம், அதே நாலு பேர். வாஸ்துக்காரர் மட்டும் இல்லை. லாக்கைப் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அந்த அன்னம் ஃபைல் ஒரு முறை ஏறியிருக்கிறது. ஐந்து முறை இறங்கியிருக்கிறது. ஆறு வரியிலும் ஒரே பெயர், வெளியாள்.

குமரவேல் அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு தடவை எடுத்திருக்காங்க பாரு மாமா. அஞ்சு பேருக்கு வித்திருக்காங்க."

"சார், அதுல நாலு தடவை பாதியில நின்னிருக்குது. இதோ, சைஸ் பாருங்க. மூர்த்தி அண்ணன் வீட்ல பழைய போன் லைன். யாராவது போன் பண்ணா நெட்டு கட்டாயிடும். மறுபடி மறுபடி எடுத்திருப்பாரு."

"பாதி பாதியா எடுத்து ஒட்டியிருப்பாங்க."

"யாரு சார்?"

"சுகந்திதான். வேற யாரு?"

"அவங்க வரைஞ்ச ஃபைல் அவங்க வீட்லயே இருக்குது. அதை எதுக்கு இங்க வந்து எடுக்கணும்?"

"அதைத்தான்பா நானும் சொல்றேன். அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்குது."

ஃபைலை எடுத்திருந்தால் திருட்டு. எடுக்கவில்லை என்றால் கையிலேயே இருக்கிறது, ஆகவே திருட்டு. நானும் படித்திருக்கிறேன், தர்க்கம் என்று ஒரு பேப்பர்கூட இருந்தது. இந்த வகை அதில் இல்லை.

மூர்த்தியைக் கேட்கலாமே? மூர்த்தியின் அப்பா முதலாளியின் அப்பாவுக்கு அட்டை அடித்தவர். சென்னைக்காரரை? அவர் முதலாளி வீட்டம்மாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. மிச்சம் இருந்தது, யாருக்கும் எதுவும் ஆகாத, சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒரு பெண்பிள்ளை. தனித்தனிப் பெயர் கொடுத்திருந்தால் அந்த ஐந்தும் மூர்த்தியின் பெயரில் நின்றிருக்கும், லைன் கட்டானது என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். பொதுப் பெயரில் நின்றதால், யார் தலை சுலபமாகக் கிடைத்ததோ அதன் மேல் விழுந்தது.

"லாக்கை வெச்சு யாருன்னு சொல்ல முடியாது சார். கேரி பேக் வெச்சிருக்கிற யாரு வேணா நுழைஞ்சிருக்கலாம்."

"உன் மெஷினே சொல்லலன்னா எதுக்குப்பா மெஷினு?" என்றார் குமரவேல்.

அன்று மாலைக்குள் சுகந்திக்கு வேலை நின்றது. அது போதாதென்று குமரவேல் மற்ற இரண்டு கடைகளுக்கும் போன் போட்டு 'ஜாக்கிரதை' என்று ஒரு சொல் சொன்னார். மூன்று கடைக்கும் நடுவே பதினைந்து வருஷப் பகை. ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்வதில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள். இரண்டு கடைகளும் "அப்புறம் சொல்றோம்மா" என்றன. இந்த ஊரில் டிசைன் விற்றவர் என்று பெயர் வந்துவிட்டால் அதற்கு அப்புறம் என்று ஒன்று கிடையாது. வரைகிற கை இருக்கும். வரையச் சொல்கிற வாய் இருக்காது.

மறுநாள் காலை சுகந்தி என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீதானப்பா அந்த மெஷின போட்ட? நான் தனிப் பேரு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க அக்கா."

"என்னா பண்ணே?"

"சொன்னேன். அவங்க பார்க்கலாம்னாங்க."

"நீ விட்டுட்ட." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "சரி. வா. அந்தப் புடவைய நான் கண்ணால பார்க்கணும். தனியா போனா திருடி வந்துட்டான்னு சொல்லுவாங்க. நீ கூட வா, தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தோம்னு சொல்லிக்கலாம்."

போனோம். பாய் விரித்து உட்கார வைத்தார்கள், கூல் டிரிங்க்ஸ் கொடுத்தார்கள். எனக்குக் கல்யாணம் என்று சொன்னதில் சேல்ஸ்மேனுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

"இந்தப் பேட்டு புதுசா?" என்றார் சுகந்தி.

"எங்க சொந்த டிசைன்மா. ஊர்ல வேற எங்கியும் பார்க்க முடியாது."

"அப்படியா. நல்லாத்தான் வரைஞ்சிருக்காங்க." முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. "வெளிச்சத்துல காட்டுங்க, கலர் பார்க்கணும்."

வாசல் பக்கம் எடுத்துக்கொண்டு போனார். கலரைப் பார்க்கவில்லை. ஒரு அன்னத்தின் கழுத்தில் விரலை வைத்தார். அடுத்த அன்னத்துக்குப் போனார். அடுத்தது. பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னார்.

"என் அன்னத்துக்குக் கழுத்து சுளுக்கல தம்பி."

பார்த்தேன். கழுத்து வளைகிற இடத்தில், சரியாக ஒரு இழை அளவுக்கு, ஒரு படி. எல்லா அன்னத்துக்கும் அதே இடத்தில் அதே படி. தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் காட்டிய பிறகு எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

என் கடைக்குத் திரும்பி, சர்வரில் இருந்த ஃபைலை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். கழுத்து வழுக்கிக்கொண்டு போனது. படி இல்லை. அப்படியானால் அந்தக் கடைக்காரர்கள் ஃபைலைப் பார்த்து நெய்யவில்லை. படி இருந்த எதையோ பார்த்து, இழை எண்ணி எண்ணி, தப்பையும் விடாமல் காப்பி அடித்திருக்கிறார்கள். காப்பியிலும் ஒரு நேர்மை.

நேராக மூர்த்தி வீட்டுக்குப் போனோம். அட்டைகளைக் கயிறு போட்டுக் கோத்துக்கொண்டிருந்தார். ஒரு அட்டைக்கு, குறுக்கே ஓடுகிற ஒரு ஊடு இழை. அட்டை வரிசை மாறினால் இழை வரிசை மாறும், படம் உடையும். எனக்குத் தெரிந்த நெசவு அவ்வளவுதான்.

"அண்ணே, உண்மைய சொல்லு. என் அன்னம் எப்பவாவது கழுத்து உடைஞ்சு வந்துச்சா?"

மூர்த்தி கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "மொத செட்டுல ரெண்டு அட்டைய முன்ன பின்ன கோத்துட்டேம்மா. தறிக்காரரு முழுப் புடவையும் தறியில இருந்து அறுத்து எடுத்த அப்புறம்தான் பார்த்தாரு. அன்னிக்கே சரி பண்ணிக் குடுத்துட்டேன். அதுக்கு மேல நெய்ஞ்சதெல்லாம் சுத்தம்."

"அந்த ஒரு புடவை எங்க?"

அவர் தெருப்பக்கம் ஒரு முறை பார்த்தார். குரலை இறக்கினார்.

"அம்மனுக்குப் போச்சு."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் சில கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. புது டிசைன் போட்டால் முதல் புடவை அம்மனுக்கு. விற்கிறது அதற்கப்புறம்தான். நல்ல வழக்கம். கேட்கும்போதே கை கூப்பத் தோன்றும். அந்தக் கடையின் கேரி பேக்கில் போன் நம்பருக்கு மேலேயே 'முதல் புடவை அம்மனுக்கே' என்று அச்சடித்திருக்கும்.

ஆனால் முதல் புடவை என்பது என்ன? அட்டை சரியா, இழை சரியா என்று பார்க்கிற புடவை. தப்பு வந்தால் அதில்தான் வரும். தப்பு வந்த புடவையைச் சீர் புடவையாக விற்க முடியாது. தெரிந்த கண்கள் நாலு கல்யாணக் கூடத்தில் இருக்கும். அம்மன் என்றால்... அவள் எதுவும் சொல்லப் போவதில்லையே.

தப்பில்லாமல் வந்த முதல் புடவை என்ன ஆகும் என்று மூர்த்தியைக் கேட்டேன். "அது போவும், ஷோகேஸுக்கு" என்றார்.

அந்த அம்மன் கோயில் சின்னக் கோயில்தான். பெயர் வேண்டாம். சார்த்திய புடவைகளைச் சேர்த்து வைத்து மாதம் ஒரு முறை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுப்பவருக்கு ரசீது, பிரசாதம். அங்கே ரசீது போடுகிறவர் எனக்குத் தெரிந்தவர், அவர் பையனுக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஜோடித்தேன்.

"மாம்பழ கலரு, அன்னம் போட்டதா? ஆனி மாச ஏலத்துல போச்சுப்பா. நாலாயிரத்து இருநூறு. விடாம கேட்டுக்கினே இருந்தாரு மனுஷன். ஊர்ல பக்தி இன்னும் குறையல" என்று அடிக்கட்டையைப் புரட்டிக் காட்டினார்.

ரசீதில் இருந்தது, நாலு கடை தள்ளி இருக்கிற கடையின் மேனேஜர் பெயர்.

மேனேஜர் பாஸ்வேர்டைத் திருடவில்லை. எந்தச் சுவரும் ஏறிக் குதிக்கவில்லை. ஊர் பார்க்க, கையைத் தூக்கி, காசு கொடுத்து, ரசீது வாங்கி, விபூதியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மறுநாள் முதலாளியின் கூடத்தில் மறுபடி கூட்டம். கடைக்குப் பின்னாலேயே வீடு. இந்த முறை சுகந்தியும் மூர்த்தியும் இருந்தார்கள். கூப்பிட்டது நான். முதலாளி வீட்டம்மா எல்லோருக்கும் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, போகாமல் தூண் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஃபைலின் பெரிய பிரிண்ட்டை விரித்தேன். நாலு கடை தள்ளி எடுத்த புடவையின் ஓரத்தைக் காட்டினேன். ஆமாம், நிஜமாகவே ஒன்று வாங்க வேண்டியதாயிற்று, சுகந்தி தன் காசில் வாங்கினார். ஏல ரசீதின் ஜெராக்ஸை மேலே வைத்தேன். மூர்த்தி தன் தப்பைத் தானே சொன்னார்.

காபி ஆடை கட்டியது.

குமரவேல்தான் முதலில் தேறினார். "அம்மனுக்குக் குறை புடவை குடுத்தோம்னு சொல்றியா? அம்மனுக்கு அதெல்லாம் உண்டா? அவளுக்குத் தெரியாதது எதுப்பா?"

"தெரியும்ண்ணா" என்றார் சுகந்தி. "தெரிஞ்சதாலதான் ஏலத்துல விட்டுட்டா."

முதலாளியின் தம்பி இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவது எங்கள் ஊரில் ஒரு கைத்தொழில்.

"இப்ப என்னாம்மா வேணும் உனக்கு?" என்றார் முதலாளி. "பழையபடி வேலை குடுக்கிறேன். வந்து வாங்கிக்க."

"வேலை அப்புறம். ரெண்டு கடைக்கு போன் போட்டு என்னப் பத்தி சொன்னீங்க இல்ல? அதே ரெண்டு கடைக்கு என் எதிர்ல போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. சுகந்திகிட்ட இருந்து போவலன்னு சொல்லுங்க."

"அப்ப எப்படிப் போச்சுன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க. அது உங்க பாடு."

முதலாளி நம்பரை அழுத்தினார். எதிர்முனையில் எடுத்தார்கள். "ஒண்ணுமில்லப்பா... அந்த சுகந்தி விஷயம். அவங்க மேல தப்பு இல்ல. நல்லா விசாரிச்சிட்டோம்."

"அப்ப எப்படிண்ணே போச்சு?"

முதலாளி ரசீதைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் கோளாறு" என்றார்.

"அப்பவே நினைச்சேன். அந்த சனியனையெல்லாம் நம்பவே கூடாதுண்ணே."

சுகந்தி வாயைத் திறக்கப் போனார். வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். அவருடைய பெயர் அந்த ஒரு போனில் திரும்பி வந்துவிட்டது. போனது என் மெஷினின் பெயர். கேட்டபோது கொடுக்காமல் விட்டவனுக்கு அது நியாயமான அபராதமாகத்தான் பட்டது. இரண்டாவது கடைக்கும் அதே வசனம். அந்த இரண்டு கடைகளும் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. அந்த அக்னி மூலைக் கடைக்காரர்களும்தான்.

கடைசியாக நான் பார்த்தபோது சர்வரில் சுகந்திக்குத் தனிப் பெயர் இருந்தது. கூட்டம் முடிந்த கையோடு நானே போட்டேன், பத்து நிமிஷ வேலை. டிசைனுக்கு அவர் ரேட்டை ஏற்றிவிட்டார், மூன்று கடைகளும் வாய் திறக்காமல் கொடுக்கின்றன. எல்லாவற்றையும் திறக்கிற அதிகாரம் படைத்த நாலு பெயர்களில் மூன்று, ஒரு முறைகூட உள்ளே வந்ததில்லை. நாலாவது, மகன். ஒரு கார் படம் போட்டு வைத்திருக்கிறார்.

கடையின் பெயரை எழுதாததற்குக் காரணம் பயம் இல்லை. எழுதாவிட்டால் இந்த வாரம் எத்தனை முதலாளிகள் இது தன்னைப் பற்றித்தானோ என்று புரண்டு படுக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றுதான். ஃபைல் வெளியே போகாமல் இருக்க எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போடத் தயாராக இருக்கிறோம். வேலை செய்கிறவர் மேல் சந்தேகம், செய்யாதவருக்கு அதிகாரம் என்று வைத்துக்கொண்டு பூட்டுப் போட்டால், பூட்டுக்கு வெளியே நிற்பது நாம்தான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று போன் பேசி முடித்து எல்லோரும் எழுந்தபோது, தூண் பக்கத்தில் நின்ற வீட்டம்மா முதல் முறையாகப் பேசினார். கணவரிடம் இல்லை. மூர்த்தியிடம்.

"மூர்த்தி, இது மாதிரி இதுவரைக்கும் எத்தனை?"

மூர்த்தி தரையைப் பார்த்தார். விரல் மடக்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார்.

"எனக்குத் தெரிஞ்சு ஏழுங்கம்மா."

அவர் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வெள்ளிக்கிழமை அவரே கடைக்கு வந்து, ஷோகேஸைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அசல் ஜரிகையில் பழுதில்லாத புடவைகளாக ஏழு எடுத்து அம்மனுக்குக் கொண்டு போனார். குமரவேல் தடுக்கப் பார்த்தாராம். முதலாளி தடுக்கவில்லையாம்.

சர்வருக்கு அவர்கள் செலவழித்தது எட்டாயிரத்து முந்நூறு. சுகந்திக்குத் தனிப் பெயர் போட ஆனது ஒன்றுமில்லை. அதைப் போடாமல் விட்டதற்கு, ஏழு புடவையின் விலைச் சீட்டுப்படி, ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் ரூபாய்.